துணிக்கொடிக்குக் கீழே ஓர் எலுமிச்சைச் செடி

அன்புள்ள சுண்டெலிக்கு அப்பா எழுதுவது,

நான் நலம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் நலம் என்று மாப்பிள்ளை சொன்னார். ஏழாம் மாதம் பிறந்துவிட்டதாம், சாயங்காலமானால் கால் வீங்குகிறதாம். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, நீயும் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் கோபம் ஆறிய பிறகு எடுத்துப் படிக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன். சுண்டெலி என்று கூப்பிடாதீர்கள் என்று நீ கல்லூரிக்குப் போன நாள் முதல் சொல்லிக்கொண்டிருக்கிறாய். வீடு வீடாகப் போய் எலிக்கும் கரப்பானுக்கும் மருந்து வைக்கிறவன் பெற்ற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவான்?

விஷயத்துக்கு வருகிறேன். போன முறை நீ கிளம்பும்போது பெட்டியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து பேசியது எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது. "உங்க மருந்துதான் அம்மாவைக் கொன்னுச்சு. இந்த வீட்டுல என் குழந்தையைப் படுக்க வைக்க மாட்டேன்" என்றாய். நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வதையே உன்னிடமும் சொன்னேன். "காஞ்சிட்டா ஒண்ணும் ஆகாதும்மா." கையையும் நீட்டி, மோந்து பார் என்றேன். அதற்கு நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மாவுக்கு வந்தது ரத்தத்தில் வரும் நோய். மருந்தால்தானா என்று பெரிய டாக்டரிடம் நீதான் கேட்டாய், நானும் பக்கத்தில்தான் நின்றேன். "இதனாலதான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். நான் முன்பாதியை எடுத்துக்கொண்டேன், நீ பின்பாதியை எடுத்துக்கொண்டாய். ஒன்றரை வருஷமாக ஆளுக்குப் பாதியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறோம். இருபத்தாறு வருஷமாக முதுகில் மருந்துப் பம்பைச் சுமக்கிறவன் நான். எனக்கு வராத நோய் வீட்டில் இருந்தவளுக்கு எப்படி வரும்? அதுவும் போகட்டும். அம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்த வருஷம், நீ பத்தாம் வகுப்பு படித்தபோது, நாலு மாதம் என் யூனிபார்மை நீதான் துவைத்தாய். உனக்கு என்ன கெட்டுப்போனது? கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாய். கொஞ்சம் யோசித்துப் பார்.

நீ கடைசியாகச் சொன்னது ஒன்று உண்டு. "சின்ன வயசுல நான் வளர்த்த புழு ஒண்ணாவது பட்டாம்பூச்சி ஆச்சா? அந்த எலுமிச்சைச் செடில ஒண்ணே ஒண்ணு வளர்த்துக் காட்டுங்க. அப்புறம் பேசலாம்." சவால் விட்டது நீ. ஏற்றுக்கொண்டது நான்.

போன வாரம் பால்கனித் தொட்டியில் இருக்கும் அம்மாவின் எலுமிச்சையில் பதினொரு புழு கண்டேன். முதலில் பறவை எச்சம் என்று நினைத்துத் துடைக்கப் போனேன். அது தலையைத் தூக்கியது. வேறு ஒருவர் வீடாக இருந்தால் இரண்டு நிமிட வேலை. பம்பைக்கூட இறக்கியிருக்க மாட்டேன். இப்போது அவற்றுக்குக் காவல் நிற்கிறேன். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் எதிரிக் கட்சிக்குத் தாவிவிட்டேன் என்பார்.

எதிர் வீட்டுத் தையல்காரம்மா கொசுவலைத் துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்தார். செடி மேல் அதைக் கவிழ்த்திருக்கிறேன், குருவியும் குளவியும் அண்டாது. கூலி கேட்டதற்கு மூன்று புழுவைக் கேட்டார். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுகிறவர், முதலில் எனக்குப் புரியவில்லை. பழைய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்துப் போனார். தெருமுனை வீட்டிலிருந்து எலுமிச்சை இலை பறித்துப் போடுகிறாராம். மீதி எட்டும் என் பொறுப்பில் இருக்கின்றன.

முறையாகத்தான் செய்கிறேன். வேலை முடிந்து வந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுகிறேன். பிறகு எட்டுப் புழுவையும் ஒரு விரலால் முதுகில் தொடுகிறேன், காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பை நீட்டி நாற்றம் அடிக்கின்றன. நான் அடிக்கும் மருந்தே தேவலை. தொடுவது ஏன் என்று உனக்குத் தெரியும். என் கையில் ஒன்றும் இல்லை என்று இந்த எட்டும் உனக்குச் சொல்லும்.

வேளைக்குச் சாப்பிடு. மாடிப்படி ஏறாதே. பட்டாம்பூச்சி பறந்ததும் எழுதுகிறேன், அப்போது பிடிவாதத்தை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வந்து சேர்.

அப்படியே இருக்கும் உன்
அப்பா

*

அன்பு மகளுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. மாப்பிள்ளை கடிதம் வந்தது என்று மட்டும் சொன்னார், நீ படித்தாயா என்று நான் கேட்கவில்லை. ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறதாம். சந்தோஷம்.

இந்தக் கடிதத்தை வேலை முடிந்ததும் எழுதும் சேவை அறிக்கை மாதிரி எழுதுகிறேன். எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை.

புழுக்கள் நன்றாகத்தான் வளர்ந்தன. எச்சம் மாதிரி இருந்த சட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் பச்சையாகின. என் சுண்டுவிரல் நீளம் வந்தன. ராப்பகலாகத் தின்றன, செடிக்குக் கீழே மிளகு கொட்டின மாதிரி கழிவு. ஞாயிற்றுக்கிழமை எட்டும் இருந்தன. செவ்வாய்க்கிழமை மாலை வந்து பார்த்தால் ஐந்து தலைகீழாகத் தொங்கின. வாயிலிருந்து பச்சைத் தண்ணீர். அந்தத் தொங்கலை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் வெயில் என்றேன். உன் எட்டு வயதில் செருப்பு டப்பாவில் இதே செடி இலையைப் போட்டு நீ வளர்த்தது செத்தபோதும் வெயில் என்றுதான் சொன்னேன், நீ நம்பினாய். பிறகு தையல்காரம்மாவிடம் போய், உங்கள் புழுவும் செத்திருக்கும், இது ஏதோ நோய் என்றேன். அவர் டப்பாவைத் திறந்து காட்டினார். மூன்றும் கொழுத்துப்போய் இலையைக் கடிக்கும் சத்தம் கேட்டது. "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க மேல எப்பவும் ஒரு வாசனை வருது. தப்பா நெனைக்காதீங்க" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் இதைச் சொன்னதில்லை. அம்மாவிடம் சொல்லியிருப்பார்போல.

கையாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் கை எட்டையும்தானே தொட்டது? மூன்று ஏன் உயிரோடு இருக்கின்றன? ஒரு வீட்டில் எறும்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிற மாதிரி தரையில் உட்கார்ந்து பார்த்தேன். செத்த ஐந்தும் செடியின் வெளிப்பக்கம். பிழைத்த மூன்றும் சுவர்ப் பக்கம். வெளிப்பக்க இலைகளில் வலை வழியாகத் தண்ணீர் சொட்டிக் காய்ந்த தடம் இருந்தது. நான் அங்கே தண்ணீர் ஊற்றுவதில்லை, வேரில்தான் ஊற்றுவேன். அண்ணாந்து பார்த்தேன். மேலே துணிக்கொடி. அதில் என் யூனிபார்ம்.

திங்கட்கிழமை காலையில்தான் துவைத்துப் போட்டேன். அம்மா போன பிறகு நான்தான் துவைக்கிறேன், அதே பக்கெட், அதே கொடி. அம்மா செய்த மாதிரியே மூன்று தண்ணீர் அலசுகிறேன். மூன்றாவது தண்ணீர் குடிக்கிற தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும்.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு இருக்க என்னால் முடியாது என்று உனக்குத் தெரியும். அடுத்த முறை துவைத்தபோது அந்த மூன்றாவது தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடித்தேன். தெருமுனை வீட்டு இலை ஒன்றை அதில் தோய்த்து, கம்பியில் மாட்டி, மொறுமொறுவென்று காய வைத்தேன். நன்றாகக் காய்ந்த பிறகுதான் சுவர்ப் பக்கத்துப் புழு ஒன்றுக்குக் கொடுத்தேன். காலை எட்டரைக்குத் தின்னத் தொடங்கியது. பதினொன்றுக்கு நின்றது. நான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை, பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்குத் தொங்கியது.

பூச்சி: பச்சைப் புழு, ஒன்று. மருந்து: யூனிபார்ம் அலசிய தண்ணீர். பலன்: முழுமை. இப்படித்தான் அறிக்கையில் எழுதுவோம்.

புழு சின்ன உயிர், மனுஷன் பெரிய உடம்பு, அதற்கு ஆவது இதற்கு ஆகாது என்று நீ சொல்ல மாட்டாய், நான் சொல்வேன். இந்த வாரம் முழுக்க எனக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மையாகவும் இருக்கலாம். டாக்டர் சொன்னதைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் ஒன்று தெரியும். வேலையில் நான் கையுறை போடுவேன். முகமூடி போடுவேன். பூட்ஸ் போடுவேன். கம்பெனி கொடுத்தது எல்லாம் எனக்கு. அந்தச் சட்டையை வீட்டில் ஊற வைத்து, வெறும் கையால் கசக்கி, மூன்று தண்ணீர் அலசினது உன் அம்மா. மிஷின் வாங்கிக் கொடுத்த பிறகும் யூனிபார்மை அதில் போடமாட்டாள். "பிள்ளை துணியோட உங்க துணியைப் போட மாட்டேன்" என்பாள். எனக்கு அப்போது கோபம் வரும். என்னவோ நான் சாக்கடையில் விழுந்து எழுந்து வந்த மாதிரி பேசுகிறாயே என்பேன். அவள் பக்கெட்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விடுவாள்.

கையை மோந்து பார் என்று உன்னிடம் நீட்டினேனே, அது சரியான கைதான். பார்க்க வேண்டிய கை அது இல்லை.

மீதி இரண்டு புழுவையும் தையல்காரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டேன். இன்றைக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

*

என் கண்ணு சுண்டெலிக்கு,

முதலில் ஒரு வேலை செய். நான் முன்னே எழுதின இரண்டு கடிதத்தையும் வைத்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுக் கையைக் கழுவு. அவற்றை நம் வீட்டு மேசையில், யூனிபார்மோடு உட்கார்ந்து எழுதினேன். இது அப்படி இல்லை. தையல்காரம்மா வீட்டில் துணி வெட்டும் மேசையில் எழுதுகிறேன். தாளும் பேனாவும் அவருடையவை, நான் போட்டிருப்பது கடையிலிருந்து வந்த புதுச் சட்டை. பயப்படாமல் பிரித்துப் படிக்கலாம்.

உன் புழுக்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தையல்காரம்மாவிடம் ஐந்து சேர்ந்தன இல்லையா? ஒன்று கூடு கட்டாமலே சுருங்கிப்போனது, அது நான் கொண்டுபோய்க் கொடுத்ததில் ஒன்று. மீதி நாலும் ஒரு நாள் தின்பதை நிறுத்தின. வயிற்றைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டு டப்பாவுக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. பிறகு குச்சியில் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஒரு நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நின்றன. "என்னைவிட நல்லா நூல் கட்டுது" என்று தையல்காரம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். மறுநாள் பார்த்தால் கூடு.

பதினொரு நாள் ஆனது. ஒரு கூட்டை ஓட்டை போட்டுக்கொண்டு குளவி வெளியே வந்தது. புழுவாக இருக்கும்போதே முட்டை வைத்திருக்கும். அது என் குற்றம் இல்லை. இப்படி ஒன்றைச் சொல்லிக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா?

வெள்ளிக்கிழமை காலையில் தையல்காரம்மா கத்தரிக்கோலாலேயே கதவைத் தட்டினார். "ஓடி வாங்க. ஆனா வாசல்லயே நில்லுங்க" என்றார். நின்றேன். கூடு வெடித்து ஒன்று வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கை ஈரமாகக் கசங்கி இருந்தது. "இஸ்திரி போடணும்போல இருக்கே" என்றார். அவர் போடவேண்டியிருக்கவில்லை, ஒரு மணி நேரத்தில் தானாகவே நிமிர்ந்தது. கறுப்பில் இளமஞ்சள் திட்டு, ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. ஒரு வாடிக்கையாளரின் வெள்ளை லைனிங் துணியில் செம்மண் நிறத்தில் ஒரு சொட்டு விட்டது, அதற்குத் திட்டும் வாங்கிக்கொண்டது. பிறகு ஜன்னல் வழியாகப் போய் எதிர்ச் சுவர்க் குழாயில் உட்கார்ந்தது. கொஞ்சம் இருந்துவிட்டுப் போய்விட்டது. மற்ற இரண்டும் சனிக்கிழமை போயின.

நீ ஒண்ணே ஒண்ணு கேட்டாய். மூன்று பறந்தன. ஆனால் சவாலில் ஜெயித்தது நீதான். ஒன்றுகூட என் கையால் வளரவில்லை. நான் வாசலில் நின்றதால்தான் அவை பிழைத்தன.

வேலையை விட்டுவிட்டேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வீட்டில் கரப்பானுக்கு அடிக்கப் போனேன். அந்தப் பெண்ணுக்கு உன் வயது இருக்கும், இடுப்பில் பிள்ளை. "தவழ்ற பிள்ளை சார், ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றாள். எல்லாரும் கேட்பதுதான். வாயைத் திறந்தேன். "காஞ்சிட்டா" என்பது வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. எனக்குத் தெரியவில்லையம்மா என்று சொல்லிவிட்டுப் பம்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அவள் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். "இருபத்தாறு வருஷமாத் தெரிஞ்சது இன்னிக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" என்று சூப்பர்வைசர் கேட்டார். நியாயமான கேள்விதான். பம்பையும் பூட்ஸையும் வைத்துவிட்டு, யூனிபார்மை இரட்டைப் பையில் கட்டி அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். தையல்காரம்மா துணி வாங்கும் கடையில் பார்சல் கட்டப் போகிறேன் இப்போது. நூல் கட்டும் வேலை, எனக்கும் பழகிவிடும்.

துணிக்கொடியை அறுத்து எடுத்துவிட்டேன். பக்கெட்டையும் போட்டுவிட்டேன். செடியை என்ன செய்வதென்று தெரியவில்லை, அம்மா வைத்தது. அப்படியே இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஆகவே பிள்ளையோடு வீட்டுக்கு வா என்று கேட்பேன் என்று நினைப்பாய். கேட்கவில்லை. வீட்டைக் கழுவிவிட்டேன் என்றும் சொல்லமாட்டேன். கழுவினால் போகும் என்று நினைத்துத்தான் அவள் இத்தனை வருஷம் கழுவினாள்.

நான் கேட்பது வேறு. முதல் கடிதத்தில் நான் எழுதியதை நீ மறந்திருக்க மாட்டாய். நாலு மாதம் நீ துவைத்தாயே, உனக்கு என்ன கெட்டுப்போனது என்று கேட்டேன். வாதத்துக்காக எழுதினேன். இப்போது தினமும் காலையில் எழுந்ததும் அந்த நாலு மாதம்தான் ஞாபகம் வருகிறது. பள்ளிக்கூடச் சீருடையைக் கழற்றிவிட்டு, பாவாடையை முழங்கால் வரை சொருகிக்கொண்டு, என் சட்டையை நீ கும்முவாய். நுரையை ஊதி விளையாடுவாய். நான் பக்கத்தில் நின்று காலர் அழுக்கு போகவில்லை, இன்னும் தேய் என்று சொல்லியிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வார்த்தையை இதற்கு முன் உன்னிடம் நான் சொன்னதில்லை.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். பழைய சேவை அறிக்கைகளைப் புரட்டி, எந்த வருஷம் என்னென்ன மருந்து அடித்தேன் என்று டப்பாவில் இருந்த பெயரை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறேன். நீ துவைத்த நாலு மாதத்தில் அடித்தவற்றுக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன். உன்னைப் பார்க்கும் டாக்டரிடம் இதைக் கொடு. கூச்சப்படாதே. எங்கப்பா பூச்சி மருந்து அடிக்கிறவர், அவர் துணியை நான் வெறும் கையால துவைச்சேன், என் பிள்ளைக்கு என்னென்ன பார்க்கணுமோ பாருங்கன்னு சொல்லு. அவர் ஒன்றும் ஆகாது என்று சிரித்தால், சரி, நான் பைத்தியக்காரனாக இருந்துவிட்டுப் போகிறேன். அதைவிட நல்ல செய்தி எனக்கு வேண்டாம். ஆனால் அவர் வாயால் சொல்லட்டும். என் வாயால் சொன்னது போதும்.

என்னோடு பேசுவதும் பேசாததும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளை பிறந்து, பார்க்க வரலாம் என்று நீ சொன்னால் வருவேன். வாசலிலேயே நிற்பேன், உள்ளே கூப்பிட வேண்டாம். எனக்கு இப்போது வாசலில் நின்று பார்க்கத் தெரியும்.

நீயும் உன் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். சிவப்புக் கோடு போட்டதை மறக்காமல் காட்டு, கண்ணு. நாளைக்கே போ.

அப்பா